புதுக்கூரைப்பேட்டை வழக்கு: எழுதப்படாத ஒன்பது நாட்கள்

விருத்தாசலத்தை அடுத்த புதுக்கூரைப்பேட்டையில் 2003 ஜூலை 8 அதிகாலையில் ஒரு பெண்ணும் அவளுடைய கணவரும் கொல்லப்பட்டார்கள். காவல் நிலையத்தில் முதல் தகவல் அறிக்கை பதிவானது ஜூலை 17 அன்று. நடுவில் ஒன்பது நாட்கள்.

இந்த வழக்கைப் பற்றித் தமிழில் நிறைய எழுதியாகிவிட்டது. சாதியைப் பற்றியும் கொலையின் கொடூரத்தைப் பற்றியும் எழுதினார்கள், எழுதப்பட வேண்டியவைதான். நான் கடலூர் நீதிமன்றங்களில் இருபது வருடங்களாகக் கோப்பு தூக்குகிற வக்கீல். எந்தக் கட்டைப் பிரித்தாலும் என் கண் முதலில் தேதிகளில்தான் போய் நிற்கும். அதனால் இந்த ஆய்வும் அந்த ஒன்பது நாட்களிலேயே நிற்கப்போகிறது. இறந்த இருவரின் பெயரும் தமிழ்நாடு அறிந்தது. பெயர்களை இழுக்காமலேயே சொல்லிவிட முடியும் என்பதால் தவிர்த்திருக்கிறேன்.

நடந்தது

இளைஞருக்கு வயது 25, பட்டியல் சாதியைச் சேர்ந்தவர், வேதிப் பொறியியல் படித்தவர். பெண்ணுக்கு 22, வன்னியர், வணிகவியல் பட்டதாரி. ஒரே ஊர். 2003 மே 5 அன்று கடலூரில் பதிவுத் திருமணம் செய்துகொண்டு, யாருக்கும் சொல்லாமல் அவரவர் வீட்டுக்குத் திரும்பிவிட்டார்கள். விஷயம் வெளியே கசியத் தொடங்கியதும் ஊரை விட்டுப் போனார்கள். பெண்ணை மூங்கில்துறைப்பட்டில் தன் உறவினர் வீட்டில் பத்திரமாக இருக்கட்டும் என்று விட்டிருந்தார் அந்த இளைஞர்.

ஜூலை 7 அன்று பெண் வீட்டார் அவரைப் பிடித்துவிட்டார்கள். பெண் இருக்கும் இடத்தைக் கேட்டு வதைத்தார்கள். பெண்ணையும் ஊருக்குக் கொண்டுவந்தார்கள். ஊரார் பலர் கண்ணெதிரே இருவருக்கும் வலுக்கட்டாயமாக நஞ்சு புகட்டினார்கள். இறந்தபின் உடல்களைத் தனித்தனியே எரித்தார்கள். எரிப்பதிலும் சாதி பார்த்திருக்கிறார்கள் என்பதைப் படிக்கும்போது கை ஒருமுறை தானாக நின்றுவிடுகிறது.

இளைஞரின் குடும்பத்தார் காவல் நிலையத்துக்குப் போனார்கள். புகாரை வாங்கவில்லை, சாதியைச் சொல்லித் திட்டி விரட்டினார்கள் என்பது அவர்கள் தரப்புச் சாட்சியம். செய்தித்தாள்களில் விஷயம் வந்த பிறகுதான் ஜூலை 17 அன்று வழக்குப் பதிவானது. அந்த அறிக்கையாவது நடந்ததைச் சொன்னதா என்றால், இல்லை. இரண்டு தரப்பாரும் தத்தம் பிள்ளையைத் தாங்களே கொன்றுவிட்டதைப் போல ஒரு கதை அதில் இருந்தது. பிள்ளையைப் பறிகொடுத்தவரின் உறவினர்களே குற்றவாளிப் பட்டியலில் நின்றார்கள்.

என்ன போயிற்று

கொலை வழக்கில் முதல் தகவல் அறிக்கை உடனே குற்றவியல் நடுவருக்குப் போக வேண்டும். இங்கே எல்லோரும் அதை ‘எக்ஸ்பிரஸ் எஃப்.ஐ.ஆர்.’ என்றுதான் சொல்வோம். நடு இரவில் ஒரு காவலர் பைக்கில் போய் நடுவர் வீட்டுக் கதவைத் தட்டிக் கொடுத்து, நேரத்தோடு கையெழுத்து வாங்கி வருவார். அந்த நேரம் முக்கியம். அதற்குப் பிறகு யாரும் கதையை மாற்றி எழுத முடியாது. மாற்றினால் இரண்டு தாள்களும் ஒன்றையொன்று காட்டிக்கொடுத்துவிடும்.

புதுக்கூரைப்பேட்டையில் அந்தப் பூட்டு ஒன்பது நாட்கள் போடப்படவில்லை. உடல்கள் எரிந்து போயிருந்தன. உடற்கூறு ஆய்வுக்கு ஒன்றும் இல்லை. நஞ்சு எது, யார் வாங்கினார்கள், எந்தப் பாத்திரத்தில் கலந்தார்கள் என்று தேட வேண்டிய நேரத்தில் யாரும் தேடவில்லை. அதைவிடப் பெரிய சேதம் மனிதர்களிடம் நேர்ந்தது. முதல் நாள் ஒரு கிராமத்தில் பார்த்தவன் பார்த்ததைச் சொல்வான். மூன்றாம் நாள் ‘பெரியவர்கள் என்ன சொல்கிறார்கள்’ என்று பார்ப்பான். ஒன்பதாம் நாள் ஊருக்கு ஒரே கதைதான் இருக்கும். பிற்பாடு நீதிமன்றத்தில் பல சாட்சிகள் முன்பு சொன்னதை மாற்றிப் பிறழ்ந்தபோது அவர்களைத் திட்டுவது சுலபமாக இருந்தது. அவர்கள் பிறழ்வதற்கு அவகாசம் கொடுத்தவர்கள் யார் என்று கேட்டவர்கள் குறைவு.

நீதிமன்றங்களின் பாதை

சென்னை உயர் நீதிமன்றம் 2004-இல் வழக்கை சி.பி.ஐ.க்கு மாற்றியது. சி.பி.ஐ. விசாரித்து இளைஞரின் உறவினர்கள் மீதான பொய்யை ஒதுக்கிவிட்டு 15 பேர் மீது குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. அந்தப் பதினைந்து பேரில் இருவர் காவல்துறையினர்: ஓர் ஆய்வாளர், ஓர் உதவி ஆய்வாளர்.

கடலூர் சிறப்பு நீதிமன்றத்தின் தீர்ப்பு வந்தது 2021 செப்டம்பர் 24 அன்று. 18 வருடங்கள். கொலை நடந்தபோது முப்பது வயதிலிருந்த சாட்சி ஐம்பதை நெருங்கியிருப்பார். 13 பேர் குற்றவாளிகள், இருவர் விடுதலை. பெண்ணின் அண்ணனுக்குத் தூக்கு, தந்தை உள்ளிட்ட 12 பேருக்கு ஆயுள். அந்த 12 பேரில் காவல் அதிகாரிகள் இருவரும் உண்டு.

உயர் நீதிமன்றம் 2022 ஜூன் 8 அன்று தூக்கை ஆயுளாக்கியது, இருவரை விடுவித்தது, உதவி ஆய்வாளரின் தண்டனையை இரண்டு ஆண்டாகக் குறைத்தது, ஆய்வாளரின் ஆயுள் தண்டனையைத் தொடவில்லை. 2025 ஏப்ரல் 28 அன்று உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் சுதான்ஷு துலியா, பிரசாந்த் குமார் மிஸ்ரா அமர்வு எல்லா மேல்முறையீடுகளையும் தள்ளுபடி செய்தது. பிறழ் சாட்சி என்பதற்காக ஒருவருடைய வாக்குமூலம் முழுவதையும் குப்பையில் போட வேண்டியதில்லை, நம்பத் தகுந்த பகுதியை எடுத்துக்கொள்ளலாம் என்ற நெடுநாளைய சட்ட நிலைதான் வழக்கைக் கரை சேர்த்தது. இளைஞரின் தந்தைக்கும் சிற்றன்னைக்கும் தமிழ்நாடு அரசு 5 லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டும் என்றும் உத்தரவானது. மகன் இறந்து ஏறத்தாழ 22 வருடங்கள் கழித்து.

ஆய்வாளருக்கு ஆயுள் எதற்காக?

இந்த வழக்கில் பலரும் சரியாகக் கவனிக்காத இடம் இது. ‘எஃப்.ஐ.ஆர். போடாத போலீஸ்காரருக்கு ஆயுள் தண்டனை’ என்று டீக்கடையில் பேசினார்கள். சில செய்திகளும் அப்படித்தான் தொனித்தன. உண்மை வேறு.

எஸ்.சி., எஸ்.டி. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3-ஆம் பிரிவில் ஓர் உட்பிரிவு உண்டு. மரண தண்டனைக்குரிய ஒரு குற்றத்தில் பட்டியல் சாதியினர் ஒருவர் தண்டிக்கப்பட வேண்டும் என்ற நோக்கத்தோடு பொய்ச் சாட்சியம் புனைந்தால் ஆயுள். ஆய்வாளர் மாட்டிக்கொண்டது அங்கேதான்: கொல்லப்பட்டவரின் உறவினர்களையே கொலைகாரர்களாக்கிப் புனைந்த கதைக்காக. அதாவது, அவர் பொய் எழுதியதற்குத் தண்டனை பெற்றார். ஒன்றுமே எழுதாமல் இன்னும் ஒன்பது மாதம் உட்கார்ந்திருந்தால்?

அப்போதைய சட்டப்படி, கடமையை வேண்டுமென்றே புறக்கணித்த அரசு ஊழியருக்கு அதே சட்டத்தின் 4-ஆம் பிரிவில் ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை. ஒருவரைத் தண்டனையிலிருந்து காப்பாற்றும் எண்ணத்தோடு சட்ட ஆணையை மீறினால் இந்திய தண்டனைச் சட்டம் 217-இல் அதிகபட்சம் இரண்டு ஆண்டு. பொய் எழுத்துக்கு ஆயுள், எழுதாத எழுத்துக்கு ஓராண்டு, இரண்டாண்டு. நம் காவல் நிலையங்களில் எது அதிகம் நடக்கிறது என்பது புகார் கொடுக்கப் போன எவருக்கும் தெரியும்.

பொய்ப் பதிவேடு இந்தப் பகுதிக்குப் புதிதும் அன்று. இதே விருத்தாசலம் வட்டாரத்தில், கடலூர் மாவட்டம் தனியாகப் பிரிவதற்குச் சில மாதங்கள் முன்பு, 1993-இல் கம்மாபுரம் காவல் நிலையத்தில் குறவர் சமூகத்தைச் சேர்ந்த ஒரு கூலித் தொழிலாளி காவலில் இறந்தார். அவர் தப்பி ஓடிவிட்டதாகப் பதிவேடு சொன்னது. உடல் மீன்சுருட்டிப் பக்கம் வேறொரு நிலைய எல்லையில் கிடந்தது. அந்த வழக்கு முடிய 2006 ஆயிற்று. இரண்டு வழக்குகளையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தால், முதல் குற்றவாளி நிலையத்தின் பேனாதானோ என்று தோன்றும்.

ஏன் எழுதுவதில்லை

காவலர்கள் பக்கத்திலிருந்தும் பார்க்க வேண்டும். பதிவாகும் வழக்கு ஒவ்வொன்றும் நிலையத்தின் கணக்கில் ஏறுகிறது. கணக்கு கூடினால் ‘உன் எல்லையில் குற்றம் பெருகிவிட்டது’ என்று மாதாந்திரக் கூட்டத்தில் ஆய்வாளரை நிற்க வைத்துக் கேட்கிறார்கள். கணக்கைக் குறைக்க எளிய வழி எழுதாமல் இருப்பது. இந்த ஓர் அளவுகோலை மாற்றினால் பாதி வியாதி தீரும் என்பது என் நெடுநாள் எண்ணம்.

சாதி சம்பந்தப்பட்ட புகார் என்றால் இன்னொரு பயம் சேர்ந்துகொள்கிறது. எழுதினால் கலவரம் வரும், பஸ் ஓடாது, மேலிடத்திலிருந்து போன் வரும். ஆகவே ‘சட்டம் ஒழுங்கு’ என்ற சொல்லுக்குள் குற்றத்தைப் புதைத்துவிடுகிறார்கள். ஒரே அதிகாரி காலையில் ஊர்வலத்துக்கு பந்தோபஸ்து, மாலையில் கொலை விசாரணை என்று இருக்கும் வரை ஊர்வலமே ஜெயிக்கும். இதற்காகத்தான் 2006 செப்டம்பரில் பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், புலனாய்வைச் சட்டம் ஒழுங்கிலிருந்து பிரியுங்கள் என்று சொன்னது. அதே தீர்ப்பு காவல்துறை மீதான புகார்களை விசாரிக்கத் தனி ஆணையம் கேட்டது. மாநில அளவில் ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற அல்லது உச்ச நீதிமன்ற நீதிபதி, மாவட்டத்தில் ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி தலைமை வகிக்க வேண்டும். தமிழ்நாடு 2013-இல் தனக்கென ஒரு காவல் சீர்திருத்தச் சட்டம் கொண்டுவந்து, தலைமையை உள்துறைச் செயலாளருக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் கொடுத்துவிட்டது. வேலிக்கு ஓணான் சாட்சி என்பார்கள் எங்கள் ஊரில்.

இப்போதைய சட்டத்தில் அந்த ஒன்பது நாட்கள்

2013 நவம்பரில் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, பிடியாணை இல்லாமலே கைது செய்யத்தக்க குற்றம் பற்றிய தகவல் வந்தால் பதிவு செய்தே ஆக வேண்டும் என்று முடித்துவைத்தது. 2018 திருத்தத்துக்குப் பிறகு வன்கொடுமை வழக்கில் பதிவுக்கு முன் பூர்வாங்க விசாரணை தேவையில்லை. அதே ஆண்டு மார்ச்சில் உச்ச நீதிமன்றத்தின் சக்தி வாஹினி தீர்ப்பு, சாதி மறுத்து மணம் செய்தவர்களுக்கு மாவட்டம்தோறும் சிறப்புப் பிரிவும் பாதுகாப்பு இல்லமும் வேண்டும் என்றது. டிசம்பரில் சாட்சிப் பாதுகாப்புத் திட்டம் வந்தது. இவை 2003 மே மாதமே இருந்திருந்தால், பதிவு அலுவலகத்திலிருந்து வெளியே வந்த அந்த இருவரும் பெற்றோர் வீட்டுக்குத் திரும்பிப் போய் ஒளிந்து வாழ வேண்டியிருந்திருக்காது என்று நினைத்துப் பார்க்கலாம். அதற்கு மேல் போக முடியாது. 2025 அக்டோபரில் ஆணவக் கொலைகளுக்கெனத் தனிச் சட்டம் பற்றிப் பரிந்துரைக்க ஓய்வுபெற்ற நீதிபதி கே.என்.பாஷா தலைமையில் மாநில அரசு ஆணையம் அறிவித்தது.

2024 ஜூலை 1 முதல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா. அதன் 173-ஆம் பிரிவுப்படி எந்த நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். எல்லை பார்க்கக் கூடாது. கடலூர்க்காரர்களுக்கு இதன் அருமை தெரியும். முள்ளோடையில் ஒரு வண்டி இடித்துவிட்டு ஓடினால், இது புதுச்சேரியா தமிழ்நாடா என்று அடிபட்டவரை நடு ரோட்டில் வைத்துக்கொண்டு பேசிய காலம் உண்டு. உயர் நீதிமன்றம் இரண்டுக்கும் ஒன்றுதான், காவல் நிலையத்துக்குத்தான் எல்லை. மின்னஞ்சலிலும் புகார் அனுப்பலாம், மூன்று நாளுக்குள் போய்க் கையெழுத்திட்டால் போதும். ஏழாண்டு அல்லது அதற்கு மேல் தண்டனைக்குரிய குற்றம் என்றால் தடயவியல் நிபுணர் நேரில் வர வேண்டும்; மாநிலங்களுக்கு இதற்கு ஐந்தாண்டு அவகாசம் இருக்கிறது. விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று புகார் கொடுத்தவருக்கு 90 நாளுக்குள் சொல்ல வேண்டும்.

நல்ல ஏற்பாடுகள். ஆனால் எழுத மறுப்பவரை என்ன செய்வது என்று, இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவைப் புரட்டினேன். 199-ஆம் பிரிவு அதற்கு ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை கடுங்காவல் சொல்கிறது. எந்தெந்தக் குற்றங்களைப் பதிவு செய்ய மறுத்தால் என்று ஒரு பட்டியலும் தருகிறது. பாலியல் வன்முறை இருக்கிறது, அமில வீச்சு இருக்கிறது, ஆள் கடத்தல் வணிகம் இருக்கிறது, இருக்க வேண்டியவைதான். கொலையைப் பற்றிய 103-ஆம் பிரிவு அந்தப் பட்டியலில் இல்லை. 2012 டெல்லி கூட்டுப் பாலியல் வன்கொடுமைக்குப் பின் 2013-இல் பழைய சட்டத்தில் சேர்த்த பிரிவை அப்படியே பெயர்த்து நட்டிருக்கிறார்கள். நடும்போது யாரும் புதுக்கூரைப்பேட்டையை நினைக்கவில்லை. அன்று அந்தக் குடும்பத்தை விரட்டியதைப் போல இன்று ஒருவர் விரட்டினால் இந்தப் பிரிவு அவரைத் தொடாது. எஸ்.சி., எஸ்.டி. சட்டத்தின் 4-ஆம் பிரிவு தொடும். அதுவும் நிர்வாக விசாரணையின் பரிந்துரை வந்த பிறகு, அதிகபட்சம் ஓராண்டுக்கு.

நடுவரிடம் நேராகப் போகும் வழியும் முன்னைவிடக் குறுகியிருக்கிறது. இப்போது முதலில் காவல் கண்காணிப்பாளருக்கு எழுத வேண்டும், பிரமாணப் பத்திரம் வைக்க வேண்டும், பதிவு செய்ய மறுத்த அதிகாரி என்ன சொல்கிறார் என்பதையும் நடுவர் கேட்க வேண்டும். பொய்ப் புகார்களைத் தடுக்க இது தேவை என்பார்கள். இருக்கலாம். எரிந்த உடலுக்கு இந்த அவகாசம் கிடையாது.

ஒரு கட்டம்

சில வருடங்களுக்கு முன் ஒரு மாசி மகத்துக்கு முதல் நாள். ஒரு கூலித் தொழிலாளிப் பெண்ணோடு ஒரு காவல் நிலையத்துக்குப் போனேன். எந்த நிலையம் என்பதை விட்டுவிடுகிறேன். வரப்புத் தகராறில் மகனின் கை எலும்பை உடைத்திருந்தார்கள். அரசு மருத்துவமனையில் சேர்த்தாயிற்று. அங்கிருந்து தகவலும் நிலையத்துக்குப் போயாயிற்று. ரைட்டர் நல்ல மனிதர்தான். விசிறி ஓடாத அறையில் நெற்றி வியர்வையை முழங்கையால் துடைத்தபடி, “ஐயா தேவனாம்பட்டினத்துக்குத் தீர்த்தவாரி பந்தோபஸ்து போயிருக்கிறார், நாளை மறுநாள் வாம்மா” என்றார். நான் கறுப்புக் கோட்டோடு நின்றதால் புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது ஒன்று கிடைத்தது. நான் இல்லாமல் போயிருந்தால் அதுவும் கிடைத்திருக்காது என்று அந்தப் பெண்ணுக்கே தெரிந்திருந்தது. ரசீதை நான்காக மடித்து மஞ்சள் பைக்குள் ரேஷன் கார்டோடு வைத்துக்கொண்டார்.

நான்காம் நாள் வழக்குப் பதிவானது. முதல் தகவல் அறிக்கைப் படிவத்தில் எட்டாவதாக ஒரு கட்டம் உண்டு: புகார் கொடுப்பவர் தரப்பில் தாமதம் ஏற்பட்டிருந்தால் அதற்கான காரணம். காவல் நிலையம் தாமதித்திருந்தால் எழுத அப்படி ஒரு கட்டம் படிவத்தில் எங்கும் கிடையாது. நகலை வாங்கி நான் வாசித்துக் காட்டினேன். எட்டாவது கட்டத்தில், மகனின் சிகிச்சைக்காக மருத்துவமனையில் இருந்ததால் புகார்தாரர் தாமதமாக வந்ததாக எழுதியிருந்தது.

“நான் அன்றைக்கே வந்தேனே சார்” என்றார் அந்தப் பெண். பையைத் திறந்து மடித்த ரசீதை எடுத்து ரைட்டரின் மேசைமேல் விரித்து வைத்தார். ரைட்டர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு பேனாவின் மூடியைக் கழற்றினார்.